திருகோணமலைக்கு ஒரு தொழில்முறை அணி: கட்டுபடியாகுமா?

சில வாரங்களுக்கு முன், அஸர் தொழுதுவிட்டுக் கடைக்குத் திரும்பியபோது நான்கு இளைஞர்கள் எனக்காகக் காத்திருந்தார்கள். இருவர் கிண்ணியா, ஒருவர் மூதூர், மற்றவர் உப்புவெளியைச் சேர்ந்த தமிழ்ச் சகோதரர். நால்வரும் உதைபந்தாட்டக்காரர்கள்.

“நானா, எங்கட மாவட்டத்துக்கு சம்பளம் குடுக்கிற ஒரு அணி வேணும். பத்து முதலாளிமார் ஆளுக்குப் பத்து லட்சம் போட்டாக் காணும்” என்றார் மூத்தவர். மூதூர்த் தம்பி சொன்னதுதான் மனதில் தைத்தது: “நல்லா விளையாடுறவன் ஒண்டில் கொழும்புக் கழகத்துக்குப் போறான், இல்லாட்டி கட்டாருக்கு டிரைவராப் போறான்.”

உடனே பதில் சொல்லவில்லை. ஒரு வாரம் தவணை கேட்டேன். பல வருடங்களுக்கு முன் ஒரு சுற்றுப்போட்டிக்கு அனுசரணை கொடுத்து, பேனரில் கடையின் பெயரைப் பார்த்ததோடு திருப்திப்பட்டுக் கொண்டவன் நான். இம்முறை கணக்குப் பார்த்த பிறகே பேசுவது என்று முடிவு செய்தேன். அந்தக் கணக்கை வர்த்தக நண்பர்களான உங்கள் முன்னும் வைக்கிறேன்.

முதலில் நம் நாட்டு அனுபவம். லங்கா பிரீமியர் லீக் கிறிக்கெட் 2020இல் ஆரம்பமானது. கொழும்பு, கண்டி, காலி, யாழ்ப்பாணம், தம்புள்ளை என்று ஐந்து அணிகள். தம்புள்ளை நம்மூரை விடப் பெரிய நகரம் அல்ல. ஆனால் அங்கே சர்வதேச மைதானம் இருக்கிறது. அந்த அணியின் பெயர் 2020இல் வைக்கிங், 2021இல் ஜயன்ட்ஸ், 2022இல் ஓரா. 2024இல் தண்டர்ஸ் என்று வந்தது. போட்டி தொடங்குமுன்பே, ஆட்ட நிர்ணயக் குற்றச்சாட்டில் உரிமையாளர் கைதாகி ஒப்பந்தம் ரத்தானதால் சிக்ஸர்ஸ் ஆனது. ஐந்து பருவங்களில் ஐந்து பெயர்கள். ஒரு கடையின் பெயர்ப்பலகை ஐந்து வருடத்தில் ஐந்து முறை மாறினால் அந்தக் கடைக்கு யாராவது கடன் கொடுப்பார்களா?

யாழ்ப்பாணத்தின் கதை வேறு. அந்த அணி 2020, 2021, 2022, 2024 என நான்கு முறை கிண்ணம் வென்றது. ஆனால் அந்த ஆட்டங்களில் ஒன்றுகூட யாழ்ப்பாணத்தில் நடக்கவில்லை. வெற்றியில் பெருமை கிடைத்தது. ஆனால் ஆட்ட நாளில் யாழ்ப்பாணத்தின் தேநீர்க் கடைக்கோ, ஆட்டோக்காரருக்கோ, விடுதிக்கோ ஒரு ரூபாய் வியாபாரம் கூடவில்லை. ஊரின் பெயர் மட்டும் வாடகைக்குப் போனது.

உதைபந்தாட்டத்திலும் சிறிய ஊர்கள் உண்டு. 2021இல் நடந்த சுப்பர் லீக்கில் பத்துக் கழகங்கள் ஆடின. பேருவளையின் ரெட் ஸ்டார்ஸ், நாவலப்பிட்டியின் அப்கன்ட்ரி லயன்ஸ், வென்னப்புவையின் நியூ யங்ஸ் ஆகியவை அவற்றில் அடக்கம். களுத்துறையின் புளூ ஸ்டார் 2022இல் ஆசியக் கிண்ணப் போட்டிக்குப் போய் நேபாளத்தின் மச்சிந்திரா கழகத்தை 2–1 என வென்றது. அடுத்து கொல்கத்தாவில் மோகன் பகானிடம் 5–0 எனத் தோற்றாலும், சிறிய ஊரால் முடியாது என்ற பேச்சுக்கு அது பதிலாகிவிட்டது. பத்தில் ஒன்றுகூட திருகோணமலைக் கழகம் இல்லை என்பதுதான் நமக்குக் குறை.

அப்படியானால் சிறிய ஊர் அணியைக் கவிழ்ப்பது எது? இதற்குக் கனடாவின் ஐஸ் ஹொக்கிக் கதை நல்ல பாடம். வின்னிபெக் ஏழு லட்சத்துக்கும் அதிகமானோர் வாழும் நகரம். அங்கே ஹொக்கி என்றால் உயிர். அப்படியிருந்தும் அதன் ஜெட்ஸ் அணி 1996இல் அமெரிக்காவின் பீனிக்ஸ் நகருக்குப் போய்விட்டது. அதற்கு முந்திய வருடம் கியூபெக் நகரின் அணியும் இடம்பெயர்ந்தது. ரசிகர் குறைவு முக்கிய காரணம் அல்ல. டிக்கெட் விற்பது கனேடிய டொலரில். ஆட்டக்காரருக்குச் சம்பளம் அமெரிக்க டொலரில். தங்கள் நாணயம் சரிந்தபோது அணியும் சரிந்தது.

இறக்குமதி வியாபாரம் செய்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2022 மார்ச் ஆரம்பத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டபோது நாம் பட்ட பாடு நமக்குத் தெரியும்.

2011இல் வின்னிபெக்குக்கு மறுபடியும் ஒரு அணி வந்தது. அதற்குள் சம்பளத்துக்கு உச்ச வரம்பு வந்திருந்தது. கனேடிய டொலரும் உயர்ந்திருந்தது. 13,000 பருவகால டிக்கெட்டுகள் சில நாட்களில் தீர்ந்தன. ஆனாலும் 2023இல் அந்த எண்ணிக்கை 9,500க்கு இறங்கியது. முதல் வருடத்துக் கூட்டத்தை வைத்து பத்து வருடத்துக்குக் கணக்குப் போடக் கூடாது என்பது இரண்டாவது பாடம்.

மூன்றாவது பாடம் அமெரிக்காவின் கிரீன் பே. சுமார் ஒரு லட்சம் பேர் வாழும் ஊர். நம்முடைய பட்டினமும் சூழலும் பிரதேசமும் ஏறத்தாழ அதேயளவுதான். அங்குள்ள பெக்கர்ஸ் அணி 1923 முதல் பொதுமக்களின் பங்குகளில் நடக்கிறது. இன்று பங்குதாரர்கள் 5 லட்சத்துக்கும் அதிகம். இலாபப் பங்கு கிடையாது, இலாபத்துக்கு விற்கவும் முடியாது. தனியொருவர் முதலாளி இல்லாததால் அணியை விற்று வேறு ஊருக்குக் கொண்டு போக ஆளில்லை. லீக்கின் தொலைக்காட்சி வருமானம் எல்லா அணிக்கும் சமமாகப் பிரிவதும் அதற்குத் துணை. நமக்கு அந்தத் துணை இல்லை. அதனால் நம் செலவு நம் கைக்குள் இருக்க வேண்டும்.

இனி நம் கணக்கு. 2012 குடிசனக் கணக்கெடுப்பில் மாவட்டத்தில் ஏறக்குறைய 3 லட்சத்து 79 ஆயிரம் பேர். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு, படகுப் பாதைக்குக் காத்திருந்த காலம் போய், கிண்ணியா ரசிகர் சிறிது நேரத்தில் பட்டினத்துக்கு வந்துவிடலாம். மே முதல் செப்டெம்பர் வரை இங்கே மழை குறைவு. நிலாவெளி, உப்புவெளி விடுதிகளில் வெளிநாட்டவர் நிறையும் காலமும் அதுதான். அஸருக்குப் பின் ஆட்டத்தைத் தொடங்கி மஃரிபுக்கு முன் முடித்தால் மின்விளக்குச் செலவும் இல்லை.

என் உத்தேசம் இதுதான். சொந்த மைதானத்தில் 9 ஆட்டங்கள், ஆட்டத்துக்கு 2,000 பேர், டிக்கெட் 200 ரூபாய்: வரவு 36 லட்சம். செலவில், 22 ஆட்டக்காரருக்கு மாதம் 40,000 வீதம் ஆறு மாதம் என்றால் 52 லட்சத்து 80 ஆயிரம். பயிற்றுநருக்கு 6 லட்சம். வெளியூர்ப் பயணம் ஒன்பதுக்கு 13 லட்சத்து 50 ஆயிரம். மைதானம், சீருடை, மருந்துக்கு 5 லட்சம். மொத்தம் 77 லட்சத்து 30 ஆயிரம். துண்டு விழுவது 41 லட்சத்து 30 ஆயிரம்.

இதைப் பத்து முதலாளிகள் தாங்கினால், இரண்டு பேர் விலகும் நாளில் அணி படுத்துவிடும். 400 கடைகள் ஆண்டுக்குத் தலா 10,000 கொடுத்தால் 40 லட்சம். மாதத்துக்கு 850 ரூபாய்கூட இல்லை. மிச்சத்தை மைதானத்தின் சிற்றுண்டிக் கடை வாடகை சரிக்கட்டும். நாற்பது கடை விலகினாலும் அணி நிற்கும்.

ஆகவே என் முடிவு: டொலரில் ஆள் எடுக்கும் கிறிக்கெட் அணி நமக்குக் கட்டுபடியாகாது. நம் பிள்ளைகள் ரூபாய்ச் சம்பளத்துக்கு ஆடும் உதைபந்தாட்ட அணி கட்டுபடியாகும். இலாபம் வருமென்று யாரும் பணம் போட வேண்டாம், வராது. ஆட்ட நாளில் ஊருக்குள் புழங்கும் பணமும், ஊரில் தங்கும் இளைஞர்களுமே இதன் இலாபம். ஆபத்தும் உண்டு. நிர்வாகக் குழப்பத்தால் 2023 ஜனவரி முதல் ஆகஸ்ட் வரை பீபா இலங்கையை இடைநிறுத்தி வைத்ததை மறக்கக் கூடாது. அப்படியொரு வருடம் மீண்டும் வந்தால் தாங்க, கையிருப்பு வேண்டும்.

தவணை முடிந்து வந்த தம்பிமாரிடம் நான்கு நிபந்தனைகள் சொன்னேன். ஒருவருக்கு ஒரு பங்குதான். மூன்று மாதத்துக்கொரு முறை வரவு செலவு எல்லோர் முன்னிலும் வாசிக்கப்பட வேண்டும். முழுப் பருவத்துக்கான பணமும் கைக்கு வந்த பிறகே முதல் ஆட்டம். மூவினத்தவரும் நிர்வாகத்தில் இருக்க வேண்டும்; மூன்று சமூகமும் டிக்கெட் வாங்காமல் 2,000 பேர் சேரமாட்டார்கள்.

“பத்து லட்சம் தருவீங்க எண்டு வந்தம் நானா” என்றார் மூத்தவர், சற்றுத் தளர்ந்து. கொப்பியை வாங்கி முதல் வரியில் என் பெயரையும் 10,000 ரூபாயையும் எழுதிக் கையெழுத்திட்டேன். இதை எழுதும்போது அதில் 63 பெயர்கள் சேர்ந்திருக்கின்றன. இன்னும் 337 வேண்டும். தம்பிமார் உங்கள் கடைக்கும் வருவார்கள். வந்தால் மேலே உள்ள கணக்கை வைத்து அவர்களிடம் கேள்வி கேளுங்கள். பதில் சரியாக இருந்தால் மட்டும் எழுதுங்கள்.