ராத்திரி சத்தம் கேட்டால் கையில் டார்ச்சா, துப்பாக்கியில் டார்ச்சா? அமெரிக்க வீடுகளில் ஓயாத ஒரு விவாதம்

டெக்சாஸ் மாநிலம் ஹூஸ்டன் புறநகரில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். ராத்திரி 2 மணி. கீழே சமையலறைப் பக்கம் ஏதோ விழுந்து உருளும் சத்தம். மாடியில் தூங்கிக்கொண்டிருந்த வீட்டுக்காரர் எழுந்து உட்காருகிறார். கட்டிலை ஒட்டி ஒரு சின்ன லாக்கர், அதற்குள் கைத்துப்பாக்கி. எடுத்தாச்சு. படிக்கட்டின் மேலே நின்று பார்த்தால் கீழே இருட்டுக்குள் ஓர் உருவம் அசைகிறது.

அது யார்? திருடனா? தண்ணீர் குடிக்க இறங்கிய மகனா? கல்லூரி விடுதியில் இருந்து சொல்லாமல் கிளம்பி வந்த மகளா? அந்த ஒரு நொடியில் அவருக்கு முதலில் தேவைப்படுவது துப்பாக்கி இல்லைங்க, வெளிச்சம்.

இந்த வெளிச்சத்தை எங்கே வைத்துக்கொள்வது என்பதுதான் அமெரிக்கத் துப்பாக்கிக் கடைகளிலும் பயிற்சி மைதானங்களிலும் பல வருஷமாக ஓடும் சண்டை. ஒரு கட்சி, துப்பாக்கிக் குழலுக்குக் கீழேயே பொருத்திக்கொள்ளும் லைட்தான் வேண்டும் என்கிறது. இன்னொரு கட்சி, தனியாகக் கையில் பிடிக்கும் டார்ச் போதும் என்கிறது. கேட்க சின்ன விஷயம் மாதிரி இருக்கும். தப்பாகத் தேர்ந்தெடுத்தால் சொந்த வீட்டு ஆளையே குறிவைத்து நிற்க வேண்டி வரும்.

நமக்கு இது கொஞ்சம் அந்நியமான விவாதம்தான். இந்தியாவில் 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்க முடியாது, லைசென்ஸ் வாங்குவதும் லேசில்லை. அமெரிக்காவில் கதை வேறு. தற்காப்புக்காக வீட்டில் கைத்துப்பாக்கி வைத்துக்கொள்வது தனிநபர் உரிமை என்று 2008-ல் ஹெல்லர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பியூ ஆய்வு மையத்தின் 2023 கணக்கெடுப்பில், வயது வந்தவர்களில் 32 சதவீதம் பேர் தங்களிடம் சொந்தமாகத் துப்பாக்கி இருப்பதாகச் சொன்னார்கள். அவர்களில் 72 சதவீதம் பேர் சொன்ன முக்கியக் காரணம், பாதுகாப்பு.

துப்பாக்கியிலேயே லைட்: என்ன லாபம்?

இன்றைய பெரும்பாலான கைத்துப்பாக்கிகளில் குழலுக்குக் கீழே வரிப்பள்ளம் போட்ட ஒரு தண்டவாளம் மாதிரி அமைப்பு இருக்கும். அதில் கட்டை விரல் நீளத்துக்கு ஒரு லைட்டை மாட்டிவிடலாம். ஸ்ட்ரீம்லைட், ஷ்யூர்ஃபயர் இரண்டும் இதில் பிரபலமான கம்பெனிகள்.

இதன் பெரிய ப்ளஸ், இரண்டு கைகளாலும் துப்பாக்கியைப் பிடிக்க முடியும் என்பது. ஒரு கையால் சுடுவதைவிட இரண்டு கையால் சுடும்போது குறி தவறுவது குறைவு. வீட்டுக்குள் குறி தவறிய குண்டு எங்கே போகும் என்று யோசித்துப் பாருங்கள். அமெரிக்க வீடுகளின் உள்சுவர் நம் ஊர் செங்கல் சுவர் இல்லை. மரச்சட்டத்தின் இரண்டு பக்கமும் அடித்த ஜிப்சம் பலகை. கைத்துப்பாக்கிக் குண்டு அதைத் துளைத்துக்கொண்டு பக்கத்து அறைக்கே போய்விடும்.

இல்லையென்றால் ஒரு கையால் மட்டும் துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் குழந்தையைத் தூக்கலாம், கதவைத் திறக்கலாம், போனில் 911 அழைக்கலாம். டார்ச்சை எங்கே வைத்தோம் என்று தலையணைக்கு அடியில் துழாவ வேண்டியதும் இல்லை.

அப்போ பிரச்னை என்ன?

பிரச்னை ஒரே வரிதான். லைட் எங்கே பார்க்கிறதோ, துப்பாக்கியும் அங்கேயே பார்க்கிறது.

அமெரிக்காவின் புகழ்பெற்ற துப்பாக்கிப் பயிற்சியாளர் ஜெஃப் கூப்பர். முன்னாள் கடற்படைக் காலாட்படை அதிகாரி. 1976-ல் அரிசோனாவில் பயிற்சிப் பள்ளி தொடங்கியவர். அவர் பிரபலப்படுத்திய நான்கு பாதுகாப்பு விதிகள் இன்றும் எல்லாப் பயிற்சி வகுப்பிலும் முதல் பாடம். எல்லாத் துப்பாக்கியும் குண்டு நிரப்பியது என்றே நினை. நீ அழிக்கத் தயாராக இல்லாத எதன் மீதும் குழல் முனையைத் திருப்பாதே. குறி பார்க்கும்வரை ட்ரிகரில் விரல் வைக்காதே. சுடப்போவது எது, அதற்குப் பின்னால் இருப்பது எது என்று உறுதி செய்துகொள்.

துப்பாக்கி லைட்டை மட்டும் நம்பினால் இரண்டாவது விதியும் நான்காவது விதியும் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும். நிற்பது யார் என்று உறுதி செய்ய லைட் அடிக்க வேண்டும். லைட் அடித்தால் குழல் முனை அவர் மீது திரும்பிவிடுகிறது. அடையாளம் தெரிந்த பிறகு அது உங்கள் மகன் என்றால், அதற்குள் குண்டு நிரப்பிய துப்பாக்கியை அவன் நெஞ்சுக்கு நேராக நீட்டியாச்சு.

இதற்குத் துப்பாக்கி லைட் ஆதரவாளர்களிடம் ஒரு பதில் இருக்கிறது, அது நியாயமான பதிலும்கூட. நல்ல லைட்டில் நடுவில் ஒரு பளீர் புள்ளியும், அதைச் சுற்றி அகலமாகப் பரவும் மங்கலான வெளிச்சமும் இருக்கும். துப்பாக்கியைத் தரையைப் பார்த்துத் தாழ்த்திப் பிடித்தாலே, தரையில் பட்டுச் சிதறும் வெளிச்சத்தில் சாதாரண அறை முழுக்கத் தெரிந்துவிடும். யார் மீதும் நேராகக் காட்ட வேண்டியதில்லை. ஆனால், தூக்கக் கலக்கத்தில், நெஞ்சு படபடக்க நிற்கும் ஒருவர் இந்த ஒழுங்கைக் கடைப்பிடிப்பாரா என்பதுதான் கேள்வி. பயிற்சி எடுத்தவர் செய்யலாம். கடையில் வாங்கி மாட்டிவிட்டு டிராயரில் போட்டவர்?

பயிற்சி பெற்றவர்களுக்கும் இதில் விபத்து நடந்திருக்கிறது. 2010-ல் டெக்சாஸின் பிளேனோ நகரில் போதைப்பொருள் தடுப்பு நடவடிக்கை ஒன்றில், போலீஸ்காரர் ஒருவர் துப்பாக்கி லைட்டைப் போட சுவிட்ச்சை அழுத்தப் போய், துப்பாக்கியே வெடித்துவிட்டது. ஆயுதம் எதுவும் வைத்திருக்காத ஒருவர் இறந்தார். அந்த லைட்டின் சுவிட்ச், பிடியில், ட்ரிகர் வளையத்துக்குக் கொஞ்சம் கீழே இருக்கும் வகை. துப்பாக்கி பிடித்த கையின் விரலாலேயே அழுத்த வேண்டும். அதனால்தான் இன்று பல பயிற்சியாளர்கள், லைட் சுவிட்ச்சை மற்ற கையின் கட்டை விரலால் இயக்கும்படி சொல்கிறார்கள்.

கையில் டார்ச்: இதுவும் பூரண சுத்தம் இல்லை

கை டார்ச்சின் பலம் ரொம்ப எளிமை. வெளிச்சம் ஒரு பக்கம், துப்பாக்கி ஒரு பக்கம். துப்பாக்கியை எடுக்காமலேயே, ஏன், துப்பாக்கியே இல்லாமலும் யார் என்று பார்க்கலாம். வீட்டில் ராத்திரி கேட்கும் சத்தம் பெரும்பாலும் பூனையோ, ஃப்ரிட்ஜோ, காற்றில் அடித்துக்கொள்ளும் கதவோதானே? அதற்கெல்லாம் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு வீட்டைச் சுற்றுவது சரியில்லை.

பலவீனம், கை பற்றாது. ஒரு கையில் டார்ச், ஒரு கையில் துப்பாக்கி என்றால் கதவை எந்தக் கையால் திறப்பது? இதைச் சமாளிக்க பல பிடிமுறைகள் உருவாகியிருக்கின்றன. 1970-களில் வந்த ஹாரிஸ் முறையில், டார்ச் கை துப்பாக்கிக் கைக்கு அடியில் போய், இரண்டு புறங்கைகளும் ஒன்றையொன்று அழுத்தி நிற்கும். எஃப்.பி.ஐ. முறையில் டார்ச்சை உடம்பை விட்டு விலக்கி, பக்கவாட்டில் உயர்த்திப் பிடிப்பார்கள். எதிராளி வெளிச்சத்தைக் குறிவைத்துச் சுட்டால் குண்டு உடம்பில் படாது என்பது கணக்கு. இன்னொன்றில் டார்ச்சைத் தாடைக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வது. கண் போகும் பக்கமே வெளிச்சமும் போகும். மூன்றையும் படிக்க எளிது, இருட்டில் செய்யக் கஷ்டம்.

இன்னொரு நுட்பமான சிக்கலும் உண்டு. ஒரு கையைச் சட்டென்று இறுக்கினால் மற்ற கையும் தன்னையறியாமல் கொஞ்சம் இறுகும். இது நரம்பு மண்டலத்தின் இயல்பு. டார்ச் பட்டனை அழுத்தும் நேரத்தில் மற்ற கையின் விரல் ட்ரிகரில் இருந்தால் விபத்துதான். ஆக கையில் டார்ச் இருக்கிறது என்பதற்காகக் கூப்பரின் மூன்றாவது விதி தளர்ந்துவிடாது.

வெளிச்சமே போடாமல் சுட்டால்?

இதற்கு உலகமே பார்த்த உதாரணம் அமெரிக்காவில் இல்லை, தென்னாப்பிரிக்காவில் இருக்கிறது. 2013 பிப்ரவரி 14 அதிகாலை, பாராலிம்பிக் ஓட்ட வீரர் ஆஸ்கர் பிஸ்டோரியஸ் தன் வீட்டுக் கழிப்பறைக் கதவு வழியாக நான்கு முறை சுட்டார். உள்ளே இருந்தவர் அவருடைய காதலி ரீவா ஸ்டீன்காம்ப். திருடன் என்று நினைத்துவிட்டேன், விளக்கைப் போடவே பயமாக இருந்தது என்றார் பிஸ்டோரியஸ். இல்லை, சண்டை போட்டுவிட்டுத் தெரிந்தேதான் சுட்டார் என்றது அரசுத் தரப்பு.

முதலில் கொலையல்ல, அலட்சியத்தால் விளைந்த மரணம் என்று தீர்ப்பு வந்தது. 2015 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைக் கொலைக் குற்றமாக மாற்றியது. அதன் காரணத்தைக் கவனியுங்கள். கதவுக்குப் பின்னால் இருந்தது யாராக வேண்டுமானாலும் இருக்கட்டும், அவ்வளவு சின்ன இடத்துக்குள் நான்கு குண்டு சுட்டால் அங்கிருப்பவர் சாகக்கூடும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. எனவே ‘வேறு ஆள் என்று நினைத்தேன்’ என்ற வாதம் எடுபடவில்லை. 2017-ல் தண்டனை 13 ஆண்டு 5 மாதமாக உயர்ந்தது. 2024 ஜனவரியில் பரோலில் வெளியே வந்தார்.

நாட்டுக்கு நாடு, மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் மாறும். அமெரிக்காவின் பல மாநிலங்களில் வீட்டுக்குள் புகுந்தவரைச் சுடும் உரிமை இதைவிட அகலம். அங்கேயும் எல்லை உண்டு. 2023 ஏப்ரலில் கன்சாஸ் சிட்டியில், தம்பிகளை அழைத்துவரப் போன 16 வயதுப் பையன் முகவரி மாறி வேறு வீட்டு மணியை அடித்தான். கதவுக்கு உள்ளே இருந்த 84 வயது முதியவர் சுட்டுவிட்டார். பையன் பிழைத்தான். முதியவர் 2025-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். இருட்டைவிடப் பயமே பெரிய பிரச்னையாக இருக்கும் இடங்களில் எந்த டார்ச்சும் உதவாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

லூமென் அதிகமானால் நல்லதா?

1980-களில் ஷ்யூர்ஃபயர் 6பி என்ற உள்ளங்கை டார்ச் வந்தபோது அதன் வெளிச்சம் 65 லூமென். அதுவே அன்று பெரிய விஷயம். இன்று ஸ்ட்ரீம்லைட்டின் பிரபலமான துப்பாக்கி லைட் ஒன்று 1,000 லூமென் தருகிறது. எல்.இ.டி. செய்த மாயம்.

லூமென் என்பது மொத்தமாக எவ்வளவு வெளிச்சம் வருகிறது என்ற அளவு. கேண்டெலா என்பது அது ஒரு திசையில் எவ்வளவு குவிந்து பாய்கிறது என்ற அளவு. தோட்டத்தின் கடைசி வரை பார்க்க கேண்டெலா வேண்டும். 15 அடி அறைக்குள் பரவலான லூமென் போதும். வெள்ளைச் சுவரும் கண்ணாடியும் இருக்கும் அறையில் 1,000 லூமெனை நேராக அடித்தால் அது திரும்பி வந்து உங்கள் கண்ணையே கூசவைக்கும். இருட்டுக்கு முழுதாகப் பழக கண்ணுக்கு 20 முதல் 30 நிமிடம் ஆகும். அதை ஒரே ஃப்ளாஷ் காலி செய்துவிடும். டார்ச்சைக் கூரையில் அடித்தால் அறை முழுக்க மென்மையாக வெளிச்சம் பரவும், யார் கண்ணும் கூசாது. இது கை டார்ச்சில் சுலபம்.

வாங்குபவர்கள் பார்க்க வேண்டியது முக்கியமாக சுவிட்ச். அழுத்தினால் எரிய வேண்டும், விட்டால் அணைய வேண்டும். முதல் அழுத்தலிலேயே முழு வெளிச்சம் வர வேண்டும். மூன்று மோடு, நான்கு மோடு, மின்னி மின்னி அணையும் மோடு எல்லாம் கேம்பிங்குக்கு ஓகே. பதற்றத்தில் நிற்பவருக்கு அது தலைவலி. பேட்டரி விஷயத்தில், சிஆர்123ஏ லித்தியம் வகை சும்மா கிடந்தாலும் சுமார் 10 ஆண்டு தாங்கும். துப்பாக்கி லைட் வாங்குவதானால் பழைய உறையும் படுக்கையறை லாக்கரும் அந்தப் புதிய அளவுக்குப் பொருந்துமா என்று முதலிலேயே பார்த்துவிடுவது நல்லது. பலருக்குப் பொருந்துவதில்லை.

அப்போ எது?

இது ‘அதுவா, இதுவா’ கேள்வியே இல்லை என்கிறார்கள் பெரும்பாலான பயிற்சியாளர்கள். தேடுவதற்கும் அடையாளம் பார்ப்பதற்கும் கை டார்ச். சுட வேண்டிய கட்டம் நிஜமாகவே வந்துவிட்டால், துப்பாக்கி லைட். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால்? கை டார்ச் என்பதே என் பார்வையில் சரியான பதில். துப்பாக்கி லைட் இல்லாதவர் கை டார்ச்சை வைத்துத் தட்டுத்தடுமாறி சமாளித்துவிடலாம். கை டார்ச் இல்லாதவர் பூனையைப் பார்க்கவும் துப்பாக்கியை நீட்ட வேண்டியிருக்கும். மாடிப்படியில் ஒரு சென்சார் விளக்கு போட்டால் இந்தச் செலவில் பாதி மிச்சம் என்பது தனிக்கதை.

டல்லாஸிலும் நியூஜெர்சியிலும் இருந்து இதைப் படிக்கும் நம்மவர்களுக்கு ஒரு தகவல். ஹெச்-1பி, எல்-1, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ குண்டோ வைத்திருக்க அமெரிக்க ஃபெடரல் சட்டம் பொதுவாகத் தடை விதிக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் இருந்தால் என்பது போல சில விதிவிலக்குகள் மட்டுமே உண்டு. வாங்குவது மட்டுமல்ல, கையில் வைத்திருப்பதே குற்றம். வார இறுதியில் நண்பரின் துப்பாக்கியை ஷூட்டிங் ரேஞ்சில் வாங்கிச் சுட்டுப் பார்ப்பதும் சிக்கலில் கொண்டுபோய் விடலாம். தண்டனை 15 ஆண்டு சிறை வரை போகும், விசாவும் போகும். கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தடை இல்லை. சந்தேகம் இருந்தால் நண்பரைக் கேட்காமல் குடியேற்ற வழக்கறிஞரைக் கேளுங்கள். டார்ச் வாங்க எந்த விசாவும் தடையில்லை.