குடும்ப வரலாறும் கல்வெட்டு மரபும்

மன்னர் வரலாற்றைக் கற்சாசனமுஞ் செப்பேடுங் காத்து நிற்கின்றன. குடிமக்கள் வரலாற்றைக் காப்பது யாதென வினவின், அவர்தம் வழித்தோன்றல்களின் நினைவே என்பது விடையாகும். நினைவோ மூன்று தலைமுறைக்கு மேற் செல்வது அரிது. பாட்டன் பெயரை அறிந்தோர் பலர். பாட்டனுக்குப் பாட்டன் பெயரை அறிந்தோர் மிகச் சிலரே. இக்குறையை ஓரளவு நீக்குதற்கு யாழ்ப்பாணத்துச் சைவ மக்களிடையே வழங்கிவரும் சாதனம் ஒன்றுண்டு. அதுவே கல்வெட்டு எனப்படும் நினைவுப் பாடலாகும்.

இறந்தவருக்குரிய முப்பத்தோராம் நாட் கிரியையின்போது, அவர்மேற் பாடப்பெற்ற செய்யுட்களை உறவினர் கூடிய அவையிற் படிப்பதும், அவற்றை அச்சிட்டு வழங்குவதும் வழக்கமாயின. கடவுள் வணக்கம், ஊர்ச்சிறப்பு, மரபு, பிறப்பு, கல்வி, தொழில், மணம், மக்கட்பேறு, மறைவு என்பன முறையே கூறப்படும். மனைவி மக்களின் புலம்பல் அவற்றைத் தொடரும். ஆண்டுதோறுஞ் செய்யும் திவசத்துக்கு நாள் தெரிதல் வேண்டுமாதலின், இறந்த வருடம், மாதம், பக்கம், திதி என்பவற்றை ஒரு வெண்பாவில் அமைப்பர். இது திதி வெண்பா எனப்படும். பிற்காலத்திற் செய்யுள் சுருங்கி, உரைநடையும் நிழற்படமும் வமிசாவளியுந் திருமுறைப் பாடல்களும் நிறைந்த நினைவு மலர் பெருகிற்று.

இம்மரபின் பயன் பெரிது. 1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒருங்கே இடம்பெயர்ந்தபோது, வீடுகளிலிருந்த ஏடுகளும் உறுதிகளும் படங்களும் கைவிடப்பட்டன. ஓரிடத்திற் குவிந்தது ஒருநாளில் அழியும். பலர் கையிற் பரந்தது அங்ஙனம் அழிவதில்லை. உறவினர் அனைவருக்குங் கொடுக்கப்பட்டமையாற் கல்வெட்டுக்கள் பல எஞ்சின. 2005ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற ‘நூலகம்’ என்னும் எண்ணிம நூலகம் இத்தகைய நினைவு மலர்களையுந் தொகுத்து வருகின்றது.

ஆயினும், கல்வெட்டு முழுமையான வரலாறன்று. அதன் குறைகள் மூன்று. முதலாவது, காலக்குறிப்பின் மயக்கம். தமிழ் வருடப் பெயர் அறுபது ஆண்டுக்கொருமுறை மீள்வது. பிரபவ வருடம் 1927இலும் வந்தது, 1987இலும் வந்தது. பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கமும் உண்மையால், ஆங்கில ஆண்டு குறிக்கப்படாதவிடத்து இருவர் ஒருவராகிவிடுவர். இரண்டாவது, பெண்களின் வரலாறு மறைதல். கணவனையிழந்து தோட்டஞ்செய்து பிள்ளைகளைப் படிப்பித்த தாயொருத்தி, ‘கற்பிற் சிறந்தாள்’ என்னும் ஒரு தொடருள் அடங்கிவிடுகின்றாள். மூன்றாவது, புகழ்ச்சி மிகுதி. மலாயா சென்று புகையிரதப் பகுதியிற் கடமையாற்றினார் என்பதைக் கல்வெட்டுக் கூறும். எக்காணியை ஈடுவைத்துக் கப்பலேறினார், ஊரில் இருந்தோர் எவ்வாறு காலங்கழித்தனர் என்பவற்றைக் கூறாது. பின்வருவோர் அறிய விரும்புவது இவற்றையே.

ஆதலின், முதியோர் உயிருடன் இருக்கும்போதே அவர் வாய்மொழியைக் கேட்டெழுதுதல் வேண்டும். அவர் சொற்களைத் திருத்தாது எழுதுக. சொன்னவர் பெயர், இடம், நாள் என்பவற்றைக் குறிக்குக. கண்டதையுங் கேள்வியுற்றதையும் வேறுபிரித்துக் காட்டுக. நிழற்படத்தின் பின்புறத்திற் பென்சிலால் மெல்லெனப் பெயர்களை எழுதுக. காணி உறுதிகளையும் ஒப்புநோக்குக. 1707ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமை, முதுசம், சீதனம், தேடியதேட்டம் எனச் சொத்தைப் பகுத்தது. ஒரு காணி இம்மூன்றில் எவ்வழி வந்ததென உறுதி காட்டுமாதலின், யார் யாருக்கு மகள், யார் உழைப்பால் நிலம் வந்தது என்பன அதனாற் புலனாகும். எழுதியவற்றைப் பிரதிசெய்து மூன்று இல்லங்களிலேனும் வைக்குக.

குடும்பத்தின் வறுமையும் வழக்கும் பிணக்கும் எழுதத்தக்கனவோ எனச் சிலர் ஐயுறுவர். உயிருடனிருப்போர் மனம் புண்படுமாயின் அவற்றை அச்சிடாது வைத்தல் முறையே, அழித்துவிடுதல் முறையன்று. முன்னோர் குறையற்றவர் என அறிவதினும், குறைகளினிடையே அவர் எவ்வாறு தளராது வாழ்ந்தனர் என அறிவதே இளையோர்க்கு ஊக்கந்தருவது.

இன்று யாழ்ப்பாணத்துக் குடும்பமொன்றின் மக்கள் ஐந்து தேசங்களில் வாழ்தல் வியப்பன்று. அவர்தம் பிள்ளைகளுக்கு வேலியும் கிணறும் பனந்தோப்புஞ் சொல்லளவிலேயே எஞ்சும். அச்சொல்லையேனும் உண்மையாகவும் நிறைவாகவும் அவர் கையிற் சேர்ப்பித்தல் இத்தலைமுறையினர் தீர்த்தற்குரிய கடனாகும்.