வெடியுப்பும் ஒற்றை உருளை எஞ்சினும்

உப்பு என்றவுடன் நம் நினைவுக்கு வருவது சோற்றில் இடும் கறியுப்பே. சித்த மருத்துவமோ கறியுப்பு, இந்துப்பு, கல்லுப்பு, வளையலுப்பு, வெடியுப்பு என ஐவகை உப்புகளைக் கூறும். இவற்றுள் வெடியுப்பு ஒரு காலத்தில் டிராக்டரை இயக்கத் தொடங்குதற்கும் பயன்பட்டது என்றால் தமிழ் மாணவர் சிலர் வியப்புறக்கூடும். உப்பு வணிகராகிய உமணர் தம் வண்டியின் அடியில் சேம அச்சு ஒன்றைக் கட்டிச் சென்றதைப் புறநானூற்றில் கற்ற நமக்கு, உப்புக்கும் வண்டிக்கும் உள்ள இந்த மற்றோர் உறவும் அறியத்தக்கதே.

போடிநாயக்கனூரிலிருந்து பதினேழு கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்தில் போடிமெட்டு. அதற்கப்பால் கேரளத்து ஏலமலை. அம்மலைச் சரிவுகளில் டிராக்டருக்கு வேலை குறைவு. அங்கு ஆளையும் மூட்டையையும் ஏற்றிச் செல்வது ஜீப்பே. டிராக்டர் அடிவாரத்து வயல்களுக்கு உரியது. ஆயினும் பழைய டிராக்டருக்கு நெருங்கிய உறவினதாகிய ஒற்றை உருளை டீசல் எஞ்சின், பம்புசெட் வடிவில் மலையிலும் உண்டு. மழை ஓய்ந்த தை, மாசியில்தான் ஏலச்செடிக்கு நீர் இறைக்கும் தேவை தொடங்குகிறது. மலைக்காலை நடுக்குவதும் அம்மாதங்களில்தான். போடியில் மூன்று சுற்றில் உறுமி எழும் எஞ்சின், மேலே கொண்டு சென்றால் முப்பது சுற்றுக்கும் அசையாதிருப்பதன் காரணம் என்ன?

டீசல் எஞ்சினில் பெட்ரோல் எஞ்சினில் உள்ளது போன்ற தீப்பொறிக் கருவி இல்லை. உருளைக்குள் புகுந்த காற்றைப் பிஸ்டன் பதினைந்து, பதினாறில் ஒரு பங்காக நெருக்குகிறது. மிதிவண்டிக்குக் காற்றடிக்கும் பம்பின் அடிப்பகுதி சுடுவதை நாம் அறிவோம். அதே சூடுதான் இங்கு ஐந்நூறு பாகை செல்சியசுக்கும் மேல் உயர்கிறது. அந்தச் சூட்டில் நுண்துளிகளாகத் தெளிக்கப்படும் டீசல் தானே பற்றிக்கொள்கிறது. எஞ்சின் ஓடத் தொடங்கிய பின் இதில் இடர் ஒன்றுமில்லை. முதல் வெடிப்புத்தான் அரிது. கையால் மெல்லச் சுழற்றும்போது, பிறக்கும் வெப்பத்தைக் குளிர்ந்த இரும்புச் சுவர் உறிஞ்சிவிடுகிறது. தேய்ந்த பிஸ்டன் ரிங்கின் வழியே காற்றும் கசிந்துவிடுகிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ ஆறு பாகை குறையும். போடியினும் போடிமெட்டில் காற்றழுத்தமும் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு குறைவு. குளிரும் காற்றின் மெலிவும் கூடினால், நெருக்கிய காற்று வேண்டிய சூட்டை எட்டுவதில்லை.

இக்குறையை நீக்கவே வெடியுப்பு வந்தது. இங்கிலாந்தில் கெய்ன்ஸ்பரோ நகரத்து மார்ஷல் நிறுவனம் 1945 முதல் 1957 வரை ஃபீல்டு மார்ஷல் என்னும் டிராக்டரைச் செய்தது. அதன் எஞ்சின் ஒரே உருளை. கொள்ளளவு ஏறத்தாழ ஆறு லிட்டர். இத்துணைப் பெரிய உருளையைப் பனிக்காலத்தில் கையால் சுழற்றி வெப்பமூட்டுதல் எளிதன்று. ஆதலின் வெடியுப்பு நீரில் தோய்த்து உலர்த்திய தாளைச் சுருட்டி, அதற்கென அமைந்த பிடியில் செருகிக் கனியவைத்து, உருளையின் தலைப்பகுதியில் திருகிப் பொருத்துவர். சுழற்சக்கரம் சில சுற்றுகள் எளிதாகச் சுற்றுமாறு அழுத்தநீக்கி வால்வு திறந்திருக்கும்; வேகம் கூடியபின் அது தானே மூடிக்கொள்ளும். அப்போது பாயும் டீசல் கனலும் தாளில் பட்டுப் பற்றும். கைவலிமை போதாதார்க்கு வேறொரு வழியும் இருந்தது. துப்பாக்கித் தோட்டா போன்ற குண்டில்லாத மருந்துக்குழலைப் பொருத்திச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினால், வெடித்த வாயு பிஸ்டனைத் தள்ளிவிடும். உழவனின் டிராக்டர் வேட்டுடன் துயிலெழுந்த காட்சி அது!

இங்கு ஒன்றைத் தெளிதல் வேண்டும். வெடியுப்பு எரிபொருளன்று; எஞ்சினுக்கு வலிமை தரும் மருந்துமன்று. வேதியியலார் அதனைப் பொட்டாசியம் நைட்ரேட் என்பர். 334 பாகையில் உருகும். மேலும் சூடேற, தன்னுள் அடங்கிய ஆக்சிஜனை வெளியிடும். வெறுந்தாளின் கனல் மூடிய உருளைக்குள் எளிதில் அவிந்துபோகும். உப்புத் தோய்ந்த தாளோ தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தன்னுடனேயே கொண்டிருப்பதால் அவியாது கனன்றுகொண்டிருக்கும். உப்பின் பணி அவ்வளவே.

இவ்வுப்பின் வரலாறு நெடியது. பழஞ்சுவரிலும் தொழுவத்து மண்ணிலும் வெண்பொடியாகப் பூப்பதைக் காய்ச்சி எடுத்தனர். பொட்டிலுப்பு என்பதும் நம் மொழியில் இதன் பெயரே. பதின்மூன்றாம் நூற்றாண்டில் சிரியாவைச் சார்ந்த ஹஸன் அர்ரம்மாஹ், விறகுச் சாம்பலைக் கொண்டு இதனைத் தூய்மை செய்யும் முறையை எழுதிவைத்தார். சாம்பலிலுள்ள காரம் சுண்ணாம்பு முதலிய மாசுகளைப் படியச் செய்துவிடும். வெடியுப்பைக் குறித்த ‘பாரூத்’ என்னும் அரபுச் சொல் பின்னர் வெடிமருந்துக்கே பெயராயிற்று. பொருள் விரிந்ததற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. பீகார் மண்ணின் வெடியுப்பை ஐரோப்பியக் கம்பெனிகள் கப்பல் கப்பலாக ஏற்றிச் சென்றதும் வரலாறு.

நம் பம்புசெட்டுகளில் இத்தாளுக்கு இடம் அமைக்கப்படுவதில்லை. இராஜ்கோட்டில் படியெடுத்துச் செய்யப்பட்ட பழைய லிஸ்டர் வகை எஞ்சின்கள் சிலவற்றில், எரியறையின் ஒரு பகுதியை அடைத்து அழுத்தத்தைக் கூட்டும் திருகுவால்வு உண்டு. குளிர்காலைக்கு அதுவே துணை. குளிர்நீர்த் தொட்டியில் வெந்நீர் வார்ப்பதும், ரிங்கின் கசிவை அடைக்கச் சில துளி எண்ணெய் விடுவதும் நல்ல வழிகளே. எண்ணெய் மிகுந்தால் எஞ்சின் கட்டுக்கடங்காது ஓடும். ஈதர் தெளித்தல் அதனினும் தீது. அது டீசலுக்கு முன்னரே பற்றிப் பிஸ்டனைப் பின்னோக்கி உதைக்கும். ஹேண்டிலைப் பற்றிய மணிக்கட்டு முறியும். கட்டைவிரலை ஏனைய விரல்களின் பக்கமே வைத்துப் பிடிக்கவேண்டும் என்று மூத்த மெக்கானிக்குகள் சொல்வதன் காரணமும் இப்பின்னுதையே.

இன்று வெடியுப்பு மலைக்கு வருவது வேறு வடிவில். 13:0:45 என அச்சிட்ட உரமூட்டை பொட்டாசியம் நைட்ரேட்டே. அதனைப் பம்புக் கொட்டகையில் டீசல் கேனுக்கும் எண்ணெய்த் துணிக்கும் பக்கத்தில் அடுக்கிவைத்தல் ஆகாது. தாளைக் கனியவைத்த அதே ஆக்சிஜன் அம்மூட்டையிலும் இருக்கிறது. அது தீயில் சிக்கினால் மணலோ ஈரச்சாக்கோ கொண்டு மூடிக் காற்றை அடைப்பதால் பயனில்லை. எட்ட நின்று மிகுந்த நீரைப் பாய்ச்சுதல் வேண்டும்.