வாடிக்கையாளரும் சமூக ஊடகமும்

வாணிகம் என்பது பொருளைக் கொடுத்துப் பணம் பெறும் செயல் மட்டுமன்று. ஒரு முறை வந்தவர் மறுமுறையும் வருமாறு அவருடைய நம்பிக்கையைப் பெறுவதே அதன் உயிர்நிலை. முன்பு இந்நம்பிக்கை கடை வாசலில் வளர்ந்தது. இன்ன வீட்டில் இன்ன அரிசிதான் புழங்கும் என்பதை மளிகைக் கடைக்காரர் அறிந்திருந்தார். இன்று அவ்வுரையாடலின் பெரும்பகுதி முகநூல், இன்ஸ்டகிராம், வாட்ஸ்அப் முதலியவற்றில் நிகழ்கிறது. ஆயினும் சிறு வாணிகர் பலர் இவற்றை விளம்பரத்தாள் ஒட்டும் சுவராகவே கருதுகின்றனர். தாம் பேசுகின்றனர், பிறர் பேசுவதைக் கேட்பதில்லை. இக்குறை நீங்கத் திட்டம் வேண்டும். அதன் கூறுகள் எவை எனக் காண்போம்.

யாருக்கு, எங்கே?

நம்மிடம் வாங்குவோர் யாவர் என்பதே முதல் வினா. பூசைப் பொருள் வாங்கும் இல்லத்தரசியும், திருமண ஆடை தேடும் இளைஞரும் ஒரே ஊடகத்தில் பொழுது போக்குவர் என எண்ணலாகாது. வாடிக்கையாளரையே கேட்டறிவது எளிய வழி. பின்னர், ஐந்து ஊடகங்களில் கணக்குத் தொடங்கி வாடவிடுவதினும், ஒன்று இரண்டை நாள்தோறும் பேணுவது நன்று.

எதைச் சொல்வது?

2020ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் முதல், கோவிட் தொற்றின் காரணமாகச் சிங்கப்பூர் உணவங்காடிகளில் அமர்ந்து உண்ணத் தடை வந்தது. கடைக்காரர் பலர் வருவாய் இழந்தனர். அந்நாளில் வாத்துச் சோறு விற்கும் மெல்வின் சியூ என்பவர், 'ஹாக்கர்ஸ் யுனைடெட் – டபாவ் 2020' என்ற முகநூல் குழுவைத் தொடங்கினார். டபாவ் என்பது உணவைப் பொட்டலமாக வாங்கிச் செல்லுதல். கடை எங்கே, உணவு என்ன, விலை என்ன, எவ்வாறு பெறுவது என்பவற்றைக் கடைக்காரர் தாமே அதில் எழுதினர். அதில் சேர்ந்தோர் 2 லட்சத்துக்கும் மேற்பட்டனர். அவர்கள் எழுதியவை அலங்காரச் சொற்களல்ல. வாங்குவோர் உள்ளத்தில் எழும் வினாக்களுக்கு நேரான விடைகள். எதை எழுதுவது எனத் திகைப்போர் இதனை நினைவிற் கொள்க.

யார் மறுமொழி கூறுவது?

திட்டத்தில் பெரும்பாலோர் மறப்பது இதுவே. 2008ஆம் ஆண்டு யுனைடெட் நிறுவன விமானத்தில் சென்ற கனடா நாட்டு இசைவாணர் டேவ் கரோலின் கிட்டார் உடைந்தது. பல மாதம் முறையிட்டும் அவருக்கு இழப்பீடு கிட்டவில்லை. 2009ஆம் ஆண்டு அவர் அதனைப் பாடலாக்கி யூடியூபில் வெளியிட்டார். சில நாட்களில் லட்சக்கணக்கானோர் கண்டனர். அதன் பிறகே நிறுவனம் அவருடன் இணக்கம் பேச முன்வந்தது. பெரிய நிறுவனம் இத்தகைய அடியைத் தாங்கும். சிறு கடை தாங்குமா? ஆதலால் குறைகளைப் படிப்பவர் யார், எத்தனை மணி நேரத்துள் விடையளிப்பது, பணத்தைத் திருப்பித்தர யாருக்கு அதிகாரம் என்பன முன்னரே முடிவாக வேண்டும். 2018ஆம் ஆண்டு வெளிவந்த வாட்ஸ்அப் பிசினஸ் செயலி, கடை மூடியுள்ள வேளையில் தானே மறுமொழி அனுப்பும். எனினும் மறுநாள் மனிதர் ஒருவர் பேசியே தீர வேண்டும்.

இசைவும் அளவீடும்

தனிநபர் தரவைக் காக்கும் சட்டம் மலேசியாவில் 2010ஆம் ஆண்டிலும், சிங்கப்பூரில் 2012ஆம் ஆண்டிலும் இயற்றப்பட்டது. ஒருவர் பொருள் வாங்கும்போது தந்த எண்ணுக்கு அவர் இசைவின்றி விளம்பரம் அனுப்புதல் முறையன்று. வேண்டாம் என்றவரை உடனே விட்டுவிடுதல் வேண்டும். இசைந்தோர் பட்டியலைத் தனியே எழுதி வைத்தலும் இன்றியமையாதது. ஏனெனில் முகநூற் பக்கம் நமக்குச் சொந்த நிலமன்று, பிறர் நடத்தும் சந்தையில் நாம் விரித்த கடையே.

இறுதியாக, விருப்பக் குறிகளின் எண்ணிக்கை கண்டு மகிழற்க. மாத முடிவில் எத்தனை பேர் வினவினர், எத்தனை பேர் வாங்கினர், எத்தனை பேர் மீண்டும் வந்தனர் என்று கணக்கிடுக. மூன்றாவது எண் உயருமாயின் திட்டம் பயன் தருகிறது எனத் துணியலாம். உயரவில்லையாயின், குறை ஊடகத்திலன்று, கடைக்குள்ளேயே இருக்கக்கூடும்.