தாத்தாவின் தலையில் சொரசொரப்பா? வெறும் வறட்சின்னு விட்டுடாதீங்க

தீபாவளி காலையில் தாத்தாவின் தலையில் எண்ணெய் வைக்கிறீர்கள். வழுக்கை விழுந்த இடத்தில் விரல் ஓடும்போது, ஓரிடத்தில் மட்டும் ஏதோ உரசுது. உப்புத்தாளைத் தொட்ட மாதிரி. உற்றுப் பார்த்தால் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை.

"வெயில்ல அலைஞ்ச தோலு, அப்படித்தான் இருக்கும். விடு" என்கிறார் தாத்தா.

வெயில் என்று அவர் சொல்வது சரியாக இருக்கலாம். "விடு" என்பதுதான் சரியில்லை.

பல ஆண்டுகள் வெயில் பட்டதால் தோலில் வரும் இந்தச் சொரசொரப்புத் திட்டுக்கு ஆக்டினிக் கெரடோசிஸ் என்று பெயர். கண்ணுக்கு முன்னால் விரல்தான் இதைக் கண்டுபிடிக்கும். சில மில்லிமீட்டர் அகலம்தான் இருக்கும். சிவப்பாகவோ பழுப்பாகவோ தோல் நிறத்திலேயோ இருக்கலாம். மேலே உள்ள செதில் உதிரும், சில நாளில் திரும்ப வரும். சாதாரண வறட்சி என்றால் நாலு நாள் மாய்ஸ்ச்சரைசர் போட்டால் அடங்கிவிடும். இது அடங்காது.

எங்கே வரும்? வெயில் நேராக விழும் இடங்களில்: நெற்றி, மூக்கு, வழுக்கைத் தலை, காது மடல், புறங்கை, முன்கை. கீழ் உதட்டிலும் வரும். ஆனால் அதை வெறும் உதட்டு வெடிப்பு என்று நினைத்து லிப் பாம் தடவிக்கொண்டே இருப்பவர்கள் உண்டு.

தோலுக்குள்ள என்ன நடக்குது?

வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர்கள், முக்கியமாக யுவிபி, தோலின் மேலடுக்கு உயிரணுக்களில் இருக்கும் மரபணுவைச் சேதப்படுத்துகின்றன. உயிரணு சும்மா இருப்பதில்லை. தினமும் பழுது பார்க்கிறது. சரிசெய்ய முடியாத அளவுக்குச் சேதம் என்றால், அந்த உயிரணு தானே அழிந்துபோகும்படி பி53 என்ற மரபணு பார்த்துக்கொள்ளும்.

சிக்கல் எப்போது தெரியுமா? அந்த பி53ஐயே வெயில் கெடுக்கும்போது. அதன்பிறகு தடுக்க ஆளில்லை. கெட்ட உயிரணுக்கள் பெருகுகின்றன. தோலின் மேல் கெரட்டின் முறையில்லாமல் குவிகிறது. உங்கள் விரலில் உரசியது அதுதான்.

இது ஒரு நாள் வெயிலில் வருவதில்லை. பள்ளித் திடலில் ஓடியது, தேசியச் சேவையில் அணிவகுத்தது, வாரயிறுதியில் ஈஸ்ட் கோஸ்ட்டில் மீன் பிடித்தது என எல்லாம் கணக்கில் சேரும். பெரும்பாலும் 40 வயதுக்கு மேல்தான் திட்டு தெரிய ஆரம்பிக்கும். ஆக, கணக்கு உங்களுக்கும் இப்போதே ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

சிங்கப்பூர் பூமத்தியரேகைக்கு ஒன்றேகால் பாகை வடக்கேதான் இருக்கிறது. மேகமில்லாத நண்பகலில் இங்கே புற ஊதாக் குறியீடு 11ஐத் தாண்டுவது புதிதல்ல. அளவுகோலில் அதுதான் உச்சக்கட்டம். தேசியச் சுற்றுப்புற அமைப்பின் இணையத்தளத்தில் பகல் நேரங்களில் மணிக்கு மணி இதைப் பார்க்கலாம். மழை வருமான்னு பார்க்கும்போது இதையும் ஒரு பார்வை பாருங்க. லேசான மேகம் இருந்தால் பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம், கதிர்களில் பெரும்பகுதி அதைத் தாண்டி வந்துவிடும். கைப்பேசி இல்லையா? உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருந்தால் கதிர்கள் கடுமை என்று அர்த்தம்.

நாம கறுப்பு, நமக்கு வராதுல்ல?

நேர்மையாகச் சொன்னால், வாய்ப்பு குறைவுதான். தோலில் உள்ள மெலனின் இயற்கையான குடை. வெளிர் தோல் உள்ளவர்களிடம்தான் இந்தத் திட்டு மிக அதிகம். சிங்கப்பூரிலும் தோல் புற்றுநோய் சீனர்களிடையே அதிகமாகவும், மலாய்க்காரர்கள், இந்தியர்களிடையே குறைவாகவும் காணப்படுகிறது. இந்தக் கட்டுரை உங்கள் தாத்தாவைவிட உங்கள் சீன நண்பரின் தாத்தாவுக்கு அதிகம் உதவலாம். அவருக்கும் அனுப்புங்கள்.

ஆனால் குறைவு என்பது இல்லை என்பதல்ல. எல்லாத் தமிழர்களின் தோலும் ஒரே நிறமில்லை. பல ஆண்டு வெளிவேலை செய்தவர்கள், வழுக்கை விழுந்தவர்கள் கவனிக்க வேண்டும். சிறுநீரக மாற்று சிகிச்சைக்குப் பிறகு நோயெதிர்ப்பு ஆற்றலைக் குறைக்கும் மருந்து சாப்பிடுவோருக்கு ஆபத்து பல மடங்கு கூடும்.

இன்னொன்று. கருமையான தோலில் தெரியும் எல்லாச் சொரசொரப்பும் இதுவாக இருக்காது. அம்மாவின் கன்னத்தில் சின்னச் சின்னதாகக் கறுப்பு மரு இருக்கிறதா? அது பெரும்பாலும் தீங்கில்லாதது, குடும்பவாகு. பின்கழுத்திலோ அக்குளிலோ வெல்வெட் துணி போல தடித்துக் கறுத்திருந்தால் அதற்கு வெயில் காரணமே இல்லை. உடலில் இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளமாக இருக்கலாம். அழுக்கு என்று தேய்க்காமல் சர்க்கரை அளவைச் சோதித்துப் பார்ப்பது நல்லது. நம் வீடுகளில் இதுதான் அதிகம் தேவைப்படும் எச்சரிக்கை என்பேன்.

அப்போ இது புற்றுநோயா?

இல்லை. ஆனால் அதற்கு முந்தைய படி. ஒரு திட்டு மட்டும் புற்றுநோயாக மாறும் வாய்ப்பு மிகக் குறைவு. சில திட்டுகள் தானாகவே மறைந்தும் போகும். பிரச்சினை என்னவென்றால், எது மறையும், எது ஸ்குவாமஸ் செல் வகைத் தோல் புற்றுநோயாக மாறும் என்று பார்த்துச் சொல்ல முடியாது. திட்டு தடித்தால், வேகமாக வளர்ந்தால், தொட்டால் வலித்தால், ரத்தம் கசிந்தால், ஒரு மாதமாகியும் புண் ஆறாவிட்டால் தள்ளிப்போடக் கூடாது. பலதுறை மருந்தகத்தில் காட்டினால், தேவைப்பட்டால் தோல் நிபுணரிடம் அனுப்பிவைப்பார்கள்.

இருக்கும் திட்டையும் சன்ஸ்கிரீன் குறைக்கும் என்பது பலருக்குத் தெரியாது. ஆஸ்திரேலியாவில் 40 வயதைத் தாண்டிய 500க்கும் அதிகமானோரிடம் ஒரு கோடைக்காலம் முழுக்க ஆய்வு நடந்தது. முடிவு 1993இல் வெளிவந்தது. தினமும் சன்ஸ்கிரீன் பூசியவர்களுக்குத் திட்டுகள் சராசரியாகக் குறைந்தன. மருந்தில்லாத வெறும் கிரீம் பூசியவர்களுக்குக் கூடின. எஸ்பிஎஃப் 30க்குக் குறையாமல் வாங்கி, வெளியில் இருந்தால் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை பூச வேண்டும். தாத்தா கிரீம் பூச மாட்டேன் என்றால் தொப்பியாவது போடட்டும். காதையும் மறைக்கும் அகல விளிம்புத் தொப்பி, கேப் போதாது.

சிகிச்சைக்குப் போனால் ஒன்றிரண்டு திட்டுகளைத் திரவ நைட்ரஜனால் உறையவைத்து அகற்றுவார்கள். சுருக்கென்று இருக்கும், சில நொடிதான். கருமையான தோலில் அந்த இடம் வெளுத்துப்போகலாம், அதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். நிறைய இருந்தால் ஃபுளோரோயுராசில் போன்ற கிரீம் தருவார்கள். சில வாரம் பூசணும். பூசிய இடம் சிவந்து, எரிந்து, பொருக்கு கட்டும். "மருந்து ஒத்துக்கலை" என்று தாத்தா நிறுத்தப் பார்ப்பார். அந்தச் சிவப்பு பெரும்பாலும் மருந்து வேலை செய்வதன் அறிகுறிதான். தாங்க முடியாத அளவு எரிந்தால் மட்டும் மருத்துவரிடம் கேளுங்கள். மற்றபடி, தீபாவளிக்குக் குடும்பப் படம் எடுக்கும் திட்டம் இருந்தால், கிரீமை எப்போது தொடங்கலாம் என்பதையும் அவரிடமே கேட்டுவிடுங்கள்.