எலி தேடும் படகு! பறக்கத் தெரியாத பறவை!

படகில் ஏறும் முன்பே சோதனை. கள்ளக்கடத்தல் தங்கத்தையா தேடுகிறார்கள்? இல்லை, எலியை!

நியூசிலாந்தில் ஆக்லாந்து நகருக்குப் பக்கத்தில் "திரிதிரி மட்டாங்கி" என்று ஒரு குட்டித் தீவு இருக்கிறது. அங்கே பறவை பார்க்கப் போகிறவர்கள் பையைத் திறந்து பார்க்க வேண்டும். செருப்பின் அடியையும் துடைக்க வேண்டும். ஒரு விதைகூட ஒட்டிக்கொண்டு போகக் கூடாது.

ஏன் இத்தனை கெடுபிடி?

அந்த நாட்டில் ஆதியில் வௌவாலைத் தவிர, தரையில் பாலூட்டிப் பிராணியே கிடையாது. துரத்த ஆளில்லாமல் பல பறவைகள் பறக்கவே மறந்தன. பிறகு மனிதன் வந்தான். கூடவே எலி வந்தது, பூனை வந்தது. தரையில் இட்ட முட்டை தப்புமா?

"டகாஹே" என்ற பறவை 1898-க்குப் பிறகு யார் கண்ணிலும் படவில்லை. பூண்டோடு அழிந்தது என்றே நினைத்தார்கள். 1948-ல் ஜெப்ரி ஆர்பெல் என்ற டாக்டர், நாட்டின் தென்மேற்கு மலைகளில் அதை உயிரோடு கண்டார்!

திரிதிரி மட்டாங்கியோ அப்போது மொட்டைத் தீவு. 1984 முதல் 10 ஆண்டுகள் தொண்டர்கள் 2½ லட்சம் கன்றுகளுக்கு மேல் நட்டார்கள். 1993-ல் எலிகளை ஒழித்தார்கள். டகாஹேயும் அங்கே குடியேற்றப்பட்டது.

வழிகாட்டி முன்னே நடப்பார். சத்தம் கூடாது. கட்டுச்சோறு நாம்தான் கொண்டுபோக வேண்டும். நீல உடலும் சிவந்த அலகுமாக, சேவலைவிடப் பருத்த டகாஹே புல்லைக் கடித்தபடி அருகே வரும். சோற்றைக் கண்டால் இன்னும் நெருங்கும். ஒரு பருக்கைகூடப் போடக் கூடாது!