அணிச் சண்டை விளையாட்டும் புதியோரும்

கணினிச் சண்டை விளையாட்டுக்களுள் அணிச் சண்டை ஒரு தனி வகையாகும். இதனை ஆடுவோர் இருவரையோ மூவரையோ கொண்ட அணியுடன் களம் புகுவர். ஒரு வீரன் பொருதுகையில் ஏனையோர் திரைக்குப் புறத்தே நின்று, அழைத்தவிடத்துத் தோன்றித் துணையடி கொடுத்து மீள்வர். வேண்டும்போது அவனிடத்தை ஏற்பர். யப்பானியக் கப்கொம் நிறுவனம் 1996 இல் வெளியிட்ட ‘எக்ஸ்-மென் எதிர் ஸ்ரீற் பைற்றர்’ இருவரணியைக் கொண்டது. 2000 இல் வந்த ‘மார்வல் எதிர் கப்கொம் 2’ மூவரணியையும் 56 வீரரையும் உடையதாயிற்று.

இவ்வகை புதியோர்க்கு அரிதாவதேன்? விரல் பழகாமையே காரணமென்பர் பலர். அது பாதியுண்மையே. தன்னணி வீரர் ஒவ்வொருவரின் அடிகளையும் துணையடிகளையும் நினைவிற் கொள்ளல் வேண்டும். எதிரணியையும் அறிதல் வேண்டும். ஒருகால் தடுக்கத் தவறின், நீண்ட தொடரடி முடியுமட்டும் வாளாவிருத்தல் வேண்டும். எதனாற் தோற்றோம் என்றறியாதவன் மீண்டும் ஆட விரும்பான்.

இக்குறையைப் போக்க முயன்றார் பலர். 2018 இல் வெளிவந்த ‘டிராகன் போல் பைற்றர்ஸ்’ விளையாட்டில் ஒரே பொத்தானைப் பன்முறை அழுத்தினும் தொடரடி தானே அமையும். எனினும், பயின்றோர் தாமே தொடுக்கும் தொடரடி அதனினும் வலியது. ரயட் நிறுவனத்தார் 2025 இல் முன்னோட்டமாக வெளியிட்ட ‘2எக்ஸ்கேஓ’வில் கடினமான கைச்சுழற்சிகள் இல்லை. அன்றியும், நண்பரிருவர் ஓரணியிற் சேர்ந்து ஆளுக்கொரு வீரனை இயக்கலாம்.

இவற்றினும் கருதத்தக்கது 2012 இல் வெளிவந்த ‘ஸ்கல்கேர்ள்ஸ்’ காட்டிய வழி. அதில் ஒருவனோ இருவரோ மூவரோ கொண்ட அணியை ஆடுவோரே தெரிந்துகொள்வர். ஆட்குறைந்த அணியின் வீரனுக்கு ஆற்றல் மிகுதியாக அளிக்கப்படுதலின், ஒருவனைக் கொண்டே தொடங்குவோன் மூவரணியோடும் பொருதலாம். தடுத்தல் முதலியவற்றைப் படிமுறையாகப் புகட்டும் பயிற்சிப் பகுதியும் அதிலுண்டு. முடிவின்றிச் சுழலும் தொடரடியினின்று தப்பும் வாய்ப்பும் அடிபடுவோனுக்கு அளிக்கப்பட்டுள்ளது.

பொத்தானை எளிதாக்குதல் கைக்கு உதவும். கருத்துக்கு உதவுவது சுமையைச் சிறிது சிறிதாக ஏற்றுதலே. அரிச்சுவடி பயிலும் பிள்ளையிடம் இலக்கண நூல் முழுவதையும் எவரும் கொடுப்பதில்லை; அதன்பொருட்டு இலக்கணத்தைச் சுருக்கிவிடுவதுமில்லை. ஆட்டத்தின் ஆழம் குன்றாது வாயிலை அகலத் திறப்பதே அறிவுடைமை. புதியோர் வாராத விளையாட்டு, வல்லோர் சிலரோடு நின்று மறையும் என்பது தெளிவு.